பேயை விரட்டும் பாட்டு பிடித்துப்போனால் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சகோதரி, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். தலவாக்கலைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கற்பிக்கிறீர்கள். விடுமுறையில் அக்காவின் பிள்ளைகளோடு உட்கார்ந்து ‘கே-பாப் டீமன் ஹன்டர்ஸ்’ என்ற கார்ட்டூன் படத்தைப் பார்த்திருக்கிறீர்கள். மூன்று பெண்கள் மேடையேறிப் பாடிப் பாடியே பேய்களை ஒழிக்கிற கதை. பிறகு பிள்ளைகள் இல்லாதபோதும் அதைப் போட்டுப் பார்த்தீர்கள். ரொட்டி சுடும்போது அந்தப் பாட்டு வாயில் வந்தது. உலக சினிமா பார்க்கும் உங்கள் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “சம்பளத்துக்கும் காணிக்கும் நம் சனம் போராடும் நேரத்தில் இந்தப் பைத்தியக்காரத்தனம் உனக்கு இனிக்கிறதா?” என்று கேட்டிருக்கிறார். ரசனை கெட்டுவிட்டதோ என்று உங்களுக்குக் கவலை. இப்போது வருகிற படங்களிலும் நிகழ்ச்சிகளிலும் நல்லதை எப்படிக் கண்டுகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். புலமைப்பரிசில் பரீட்சை முடித்த தரம் ஐந்துப் பிள்ளைகள் கலைவிழாவில் அந்தப் பாட்டைத்தான் செய்வோம் என்று பிடிவாதமாக நிற்கிறார்கள், விடலாமா என்பது கடைசிக் கேள்வி. படம் நல்ல படமா என்று நீங்கள் எங்கும் கேட்கவில்லை. பிடித்துப்போனதைப் பிடித்திருக்கிறது என்று நாலு பேர் முன்னால் சொல்லலாமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. சொல்லலாம். ஏன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் சங்கீதம் படித்தவன். மலையகப் பாடசாலைகளில் சங்கீதமும், பிறகு நாடகமும் அரங்கியலும் கற்பித்து, தமிழ்மொழித் தினப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்தே என் காலம் போயிருக்கிறது. ஒரு பாட்டு மேடையில் எப்படி நிற்கிறது, எந்த இடத்தில் விழுகிறது என்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். மனம், மூளை என்று பேச்சு போகும் இடத்தில் ஆய்வாளர்கள் சொன்னதை எடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். கதை அசட்டுத்தனமாக இருப்பதும் வேலைப்பாடு அசட்டுத்தனமாக இருப்பதும் வெவ்வேறு. உங்கள் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூன் 20 இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது; மேகி காங், கிறிஸ் அப்பெல்ஹான்ஸ் இருவரும் இயக்கியது. இரண்டு மாதத்தில் அந்தத் தளத்திலேயே மிக அதிகமாகப் பார்க்கப்பட்ட படமாகியது. ‘கோல்டன்’ என்ற பாட்டு ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்ட் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. நான் அந்த வெற்றியை வைத்துப் பேசவில்லை. ஓடிய படமெல்லாம் நல்ல படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பாட்டு கதையில் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். இனி மறைந்து வாழப் போவதில்லை, பிறந்ததன் பொருளை அடையப் போகிறேன் என்ற கருத்தில் மூவரின் தலைவியான ரூமி பாடுகிறாள். பாடுகிறவளோ தன் உடம்பில் பாதிப் பேய் என்பதைக் கூடப் பாடும் தோழிகளிடமிருந்தே மறைத்துவைத்திருக்கிறாள். தோலில் பரவும் கோடுகளைச் சட்டைக் கைக்குள் ஒளிக்கிறாள். ஒத்திகையில் அந்தப் பாட்டின் உச்சிக்கு ஏறும்போது குரல் உடைகிறது. வாய் சொல்வதற்கும் தொண்டை சொல்வதற்கும் இடையில் ஒரு பொய் இருக்கிறது, தொண்டை அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதை வசனத்தில் எழுதினால் அரைப்பக்கம் போகும், அப்போதும் இந்த அளவு தைக்காது. பாட்டினால் மட்டுமே சொல்லக்கூடிய ஒன்றைப் பாட்டினால் சொல்லியிருக்கிறார்கள். பேயும் வாளும் மினுமினுக்கும் உடையும் அதற்கு மேல் போர்த்திய ஜரிகைதான்.

அதே பாத்திரத்துக்குப் பேசியவர் ஆர்டன் சோ, பாடியவர் இஜே. நமக்கு இது புதிதில்லை; பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் ஹொலிவூட்டில் நெடுங்காலம் இதை மறைத்தார்கள். 1961 இல் நட்டாலி வூட்டுக்கும் 1964 இல் ஓட்ரி ஹெப்பர்னுக்கும் பாடிய மார்னி நிக்சனின் பெயர் அந்தப் படங்களின் திரையில் வரவில்லை. தமிழ்ச் சினிமா பாடியவரின் பெயரை வானொலியில் சொல்லி, அவரையும் நட்சத்திரமாக்கியது. இலங்கை வானொலியில் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களோடு பாட்டுக் கேட்டு வளர்ந்த எந்த மலையகத்து ஆளுக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

பாடிப் பேய் விரட்டுவது பைத்தியக்காரத்தனம் என்றால், அந்தப் பைத்தியம் நம் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களிலும் இருந்தது என்று அண்ணனிடம் சொல்லுங்கள். கொரியாவில் மூடாங் என்ற பெண் பூசாரிகள் பாடி ஆடித் தீய சக்திகளை விலக்கும் சடங்கு உண்டு. படம் தன் கதாநாயகிகளை அந்த மரபின் வாரிசுகளாகத்தான் காட்டுகிறது. நம் தோட்டங்களில் கோடாங்கி உடுக்கு அடித்துப் பாடுவார். உடுக்கின் இடுப்புக் கயிற்றை இறுக்கி நாதத்தை உயர்த்திக்கொண்டே போய், பாட்டின் வேகம் கூடக்கூட எதிரில் இருப்பவருக்கு ஆட்டம் வரும். பேய் போனதா இல்லையா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. நாதம் உயர்வதும் தாளம் இறுகுவதும் ஆளைப் பிடித்து உலுக்கும் என்பதை அந்தக் கோடாங்கியும் அறிந்திருந்தார், இந்தப் பாட்டைக் கட்டியவர்களும் அறிந்திருக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய சாட்சி காமன் கூத்து. மாசி அமாவாசை கழித்துக் காமன் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டி எரிக்கும் அந்தக் கூத்தை வெளியாள் ஒருவரிடம் சுருக்கமாகச் சொல்லிப்பாருங்கள்: ஒரு கடவுள் இன்னொரு கடவுளின் தவத்தைக் கலைக்கப் போகிறார், நெற்றிக்கண்ணால் சாம்பலாகிறார், அவருடைய மனைவி ரதி விடியும்வரை பாடி அழுகிறாள். அந்த மனைவி விரதமிருந்து சேலை கட்டிய ஓர் ஆண். நடுவில் குறவனும் குறத்தியும் வருகிறார்கள், கோமாளி வருகிறான், கதைக்குச் சம்பந்தமில்லாமல் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையைப் போல நடந்து காட்டுகிறான். காகிதத்தில் இது எவ்வளவு விநோதமாக இருக்கிறது! ஆனால் பின்னிரவில் பனி இறங்கும்போது, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு சனம் உட்கார்ந்திருக்கும். சாக்கில் சுருண்டு தூங்கும் பிள்ளைகளைக் கோமாளி வரும்போது தாய்மார் தட்டி எழுப்புவார்கள். அடுத்த நாழிகையில் ரதி புலம்பத் தொடங்குவாள். தப்பு மேளம் ஓய்ந்து, குரல் மட்டும் தனியாக நிற்கும். அதே தாய்மார் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். கோமாளிக்குச் சிரித்த வாய்தான் ரதிக்கு அழுதது. சிரித்ததனால் அழுகை குறையவில்லை. சிரிப்பில் மனசு இளகியிருந்ததனால்தான் அழுகை அவ்வளவு ஆழம் போனது என்பது என் எண்ணம். இதை அளந்து காட்ட என்னிடம் கருவி கிடையாது. ஆனால் பார்வையாளர் முகங்களைப் பார்த்துக்கொண்டு மேடையோரத்தில் நின்ற எவரும் இதை மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அண்ணனின் கேள்விக்குச் சரித்திரத்திலும் பதில் உண்டு. தமிழின் முதல் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 இல் வந்தது. காளிதாசனின் கதை சொல்லும் அந்தப் படத்தில் காந்தியின் இராட்டினத்தைப் போற்றும் பாட்டு ஒன்றும் உண்டு, டி. பி. ராஜலக்ஷ்மி பாடியது. எந்தக் காலத்துக் காளிதாசன், எந்தக் காலத்து இராட்டினம்? தருக்கம் பார்த்தால் சுத்த அசட்டுத்தனம். ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சியில் அரங்கில் உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பாட்டு என்னவாக ஒலித்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். அமெரிக்காவில் நான்கு தொழிலாளரில் ஒருவர் வேலையின்றி இருந்த 1933 இல் ‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’ என்ற பாட்டுப் படம் வந்தது. முதல் காட்சியில் நாணயங்களாலான உடை போட்ட பெண்கள், நம்மிடம் பணம் கொழிக்கிறது என்று குதூகலமாகப் பாடுகிறார்கள். பாட்டு முடிவதற்குள் கடன்காரர்களின் ஆட்கள் புகுந்து மேடைச் சாமான்களையும் உடைகளையும் பறிக்கத் தொடங்குகிறார்கள். அதே படம், போரிலிருந்து திரும்பி வேலையில்லாமல் தெருவில் நிற்கும் சிப்பாய்களை நாடு மறந்துவிட்டதே என்ற பாட்டோடு முடிகிறது. நடுவில் உள்ளதெல்லாம் காதல் குழப்பமும் ஆள்மாறாட்டமும். அந்தப் பொருளாதார மந்தம் நம் மலைகளையும் அடித்தது: இலங்கைத் தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த வருடங்களிலும் இங்கே காமன் ஊன்றப்பட்டது, கோமாளி ஆடினான். துன்பக் காலத்தில் சனம் பாட்டையும் சிரிப்பையும் தேடுவது துன்பத்தை மறந்ததனால் அல்ல.

இந்த இடத்தில் ஒரு செய்தியையும் சேர்க்க ஆசை. 1947 இல் வெளிவந்த முதல் சிங்களப் பேசும் படத்தின் கதாநாயகி ருக்மணி தேவி, நடிப்பும் பாட்டும் ஒரே ஆளில் அமைந்தவர். அவர் பிறந்தது நம் இறம்பொடையில். நுவரெலியாவுக்குப் போகும் பஸ் அருவியைக் கடந்து வளையும் அந்த ஊரைத் தேயிலைக்கும் அருவிக்கும் மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த நாட்டின் பாட்டுப் படங்கள் நமக்கு அந்நியம் அல்ல என்பதற்கு அந்த ஊரின் பெயரே போதும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள்.

அண்ணன் சொல்வதில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அசட்டுத்தனம் ஒன்று, மட்டம் ஒன்று. இரண்டும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். ஒருவருடைய நிறத்தையும் உடல் பருமனையும் திக்குவாயையும் வைத்து மணிக்கணக்கில் சிரிக்கவைக்கும் நிகழ்ச்சிகள் இருக்கின்றன. தோட்டத்துப் பேச்சைக் கேலிச் சரக்காக்கி, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டியவுடன் சிரிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாடகங்களை நானே மேடைகளில் பார்த்துக் கொதித்திருக்கிறேன். அவற்றில் கதை அசட்டுத்தனமாக இருப்பது பிரச்சினை இல்லை. செய்தவனுக்கு மனிதர் மீது மதிப்பில்லை என்பதுதான் பிரச்சினை. கனமான கதை எடுத்த படங்களிலும் இதே மதிப்பின்மை இருக்கலாம். தோட்டத்துத் துயரத்தை விற்றுப் பரிசு வாங்க எண்ணி, அந்தத் துயரப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல வசனம்கூடக் கொடுக்காத படம், பேய் விரட்டும் கார்ட்டூனைவிட எந்த வகையில் உயர்ந்தது? ஆகவே கதையின் எடையை வைத்துத் தராசு பிடிக்க வேண்டாம் என்பதே நான் சொல்வது.

பின் எதை வைத்துப் பார்ப்பது? நான் முதலில் கேட்பது, அசட்டுத்தனத்தைச் செய்கிறவர்கள் அதை முழு மனதோடு செய்கிறார்களா என்பதுதான். 1964 இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் இடத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அடுத்தமுறை பாலையாவை மட்டும் பாருங்கள். கதை சொல்பவர் வாயாலேயே கதவுச் சத்தமும் காலடிச் சத்தமும் எழுப்ப, கேட்பவர் முகத்தில் சந்தேகம் பயமாகி, பயம் நடுக்கமாகிற ஒவ்வொரு படியும் தெரியும். ஒரு கணமாவது ‘இது வெறும் விளையாட்டு’ என்று கண்ணைச் சிமிட்டியிருந்தால் அந்தக் காட்சி செத்திருக்கும். இரண்டு பேரும் அதைச் சோக நாடகத்துக்கு உரிய கவனத்தோடு நடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘மம்மா மியா!’ 2008 இல் வந்தது. மூன்று பேரில் எவர் தன் தகப்பன் என்று தெரியாத பெண் மூன்று பேரையும் கல்யாணத்துக்கு அழைக்கிற கதை, பாட்டெல்லாம் அபா குழுவின் பழைய பாட்டு. அதில் பியர்ஸ் பிராஸ்னன் பாடியது மோசமான நடிப்புக்கான கேலி விருதையே வாங்கித்தந்தது. என் காதுக்கும் அவர் சுருதி உறுத்தத்தான் செய்கிறது. ஆனாலும் மெரில் ஸ்ட்ரீப் குன்றின் உச்சியில் நின்று பாடும்போது நான் எழுந்து போகமாட்டேன். அவர் அந்த அசட்டுக் கதைக்குள் முழுதாக இறங்கி நிற்கிறார்.

இரண்டாவதாக நான் பார்ப்பது, பாட்டை எடுத்துவிட்டால் கதையில் ஓட்டை விழுகிறதா என்பது. விழவில்லை என்றால் அந்தப் பாட்டு ஒட்டுவேலை. நம் படங்களில் இப்போது பல பாட்டுகள் அப்படி ஆகிவிட்டன; வெளிநாட்டுத் தெருவில் நாலு நிமிடம் ஆடிவிட்டு விட்ட இடத்திலேயே கதை தொடர்கிறது. 2024 இல் வந்த ‘விக்கெட்’ (Wicked) என்ற ஆங்கிலப் பாட்டுப் படத்தில் நடிகைகள் படப்பிடிப்புத் தளத்திலேயே நேரடியாகப் பாடினார்கள். ஓடும்போது வாங்கும் மூச்சும், கோபத்தில் நெரியும் குரலும் பாட்டுக்குள் விழுந்திருக்கின்றன. நீளம் கூடுதல் என்றாலும் அதற்காகவே பிள்ளைகளோடு பார்க்கலாம்.

இனி உறுதி குறைந்த பகுதி. இப்படிப்பட்ட படங்கள் மன அழுத்தத்தைப் போக்கும், மூளையை வளர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்திகளை அப்படியே நம்பாதீர்கள். 2011 இல் மொன்ட்ரியலில் உள்ள மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெய்சிலிர்க்கவைக்கும் என்று கேட்பவர்களே தேர்ந்தெடுத்த இசையைக் கேட்கும்போது மூளையில் இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமின் என்ற இரசாயனம் சுரப்பதைக் காட்டினார்கள். உச்சம் வரும் கணத்தில் மட்டுமல்ல, அது வரப்போகிறது என்று காத்திருக்கும் கணங்களிலேயே அந்தச் சுரப்பு தொடங்குகிறது. தெரிந்த பாட்டை மீண்டும் மீண்டும் கேட்பது ஏன் சலிக்கவில்லை என்பதை விளங்கிக்கொள்ள இது உதவுகிறது. எந்த இடத்தில் குரல் ஏறும் என்று தெரிந்திருப்பதே இன்பத்தில் பாதி. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் வெகு சிலர், கேட்டது பாட்டில்லாத வாத்திய இசை. அதை வைத்து ஒரு படம் மனநோய்க்கு மருந்து என்று சொல்வது அத்துமீறல். 2015 இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் புதிதாகத் தொடங்கிய பாட்டு, கைப்பணி, எழுத்து வகுப்புகளைப் பின்தொடர்ந்தார்கள். பாட்டு வகுப்பில் சேர்ந்தவர்கள் மற்றவர்களைவிட விரைவில் ஒருவரோடொருவர் நெருங்கினார்கள். ஏழு மாதம் போனபின் எல்லா வகுப்பினரும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் இருந்தார்கள். சேர்ந்து பாடுவது அறிமுகமில்லாதவர்களைச் சீக்கிரம் சேர்க்கிறது என்ற அளவுக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அக்காவின் பிள்ளைகளோடு பாடியபோது வந்த மகிழ்ச்சி உண்மையானது. அதற்கு மருத்துவச் சான்றிதழ் தேவையில்லை.

மற்றத் திரைப் பொழுதுபோக்குகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பாட்டுப் போட்டிகளில் அழுகையைப் பிழிந்தெடுக்கும் பகுதிகள் எனக்குப் பிடிப்பதில்லை, பாடும் பகுதிகள் பிடிக்கும். 2023 இல், நம் சனம் இந்த மலைக்கு வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்த அதே வருடத்தில், புசல்லாவைப் பக்கத்துத் தோட்டத்துச் சிறுமி ஒருத்தி தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிப் போட்டி மேடையில் நின்று பாடினாள். லயத்து இஸ்தோப்புகளில், அதாவது முன்திண்ணைகளில், கூடியிருந்து அதைப் பார்த்தவர்களின் பெருமை எளிதில் மறக்கக்கூடியது அல்ல. எனக்குக் கவலை தருவது அரை நிமிடத் துண்டு வீடியோக்கள்தான். அவற்றில் பாட்டின் உச்சம் மட்டும் வருகிறது. உச்சத்துக்கு ஏறிய படிகள் தெரியாத பிள்ளைக்கு உச்சம் வெறும் சத்தமாகப் போய்விடும். வகுப்பில் ஒரு பாட்டின் அனுபல்லவியையோ சரணத்தையோ கேட்டால் விழிக்கிறார்கள். எல்லாருக்கும் ஒரே வரிதான் தெரிகிறது. முழுப்பாட்டையும் ஒருமுறை உட்கார்ந்து கேட்கவையுங்கள். கைத்தொலைபேசியின் சின்ன ஒலிபெருக்கியில் தாழ்ந்த ஒலிகள் விழுந்துவிடும். ‘கோல்டன்’ பாட்டில் அடியில் ஓடும் தாளமும் கீழ்க்குரல்களும் அதில் பாதிகூடக் கேட்காது. பாடசாலையில் ஒலிபெருக்கிப் பெட்டி இருந்தால் அதில் போட்டுக் காட்டுங்கள், பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

கலைவிழாவுக்கு விடுங்கள், தயங்கவேண்டாம். ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருங்கள்: அசல் சுருதியில் பாடவிடாதீர்கள். அந்தப் பாட்டு பயிற்சி பெற்ற வளர்ந்த பெண்ணின் குரலுக்கே கடினமான உயரத்துக்கு ஏறுகிறது. பத்து வயதுப் பிள்ளை கூட்டமாகப் பாடும்போது கீபோர்டின் நடு ஸியிலிருந்து மேல் ஸ்தாயி டி வரை இருந்தால் சுகமாகப் பாடும். அதற்கு மேலே போனால் கத்தத் தொடங்கும். கீபோர்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்தி நாலைந்து அரைச்சுரம் இறக்குங்கள். அப்போதும் எட்டாத உச்ச வரியைக் கீழ் ஸ்தாயியில் எல்லாரும் சேர்ந்து பாடட்டும், மேலே போக முடிகிற ஓரிருவர் மட்டும் மென்மையாக அதைத் தொட்டு வரட்டும். பிள்ளை பாடும்போது தாடை மேலே தூக்குகிறதா, கழுத்து நரம்பு புடைக்கிறதா, தோள் காதை நோக்கி எழுகிறதா என்று பக்கவாட்டில் நின்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் சுருதி இன்னும் கூடுதல் என்று அர்த்தம். ஒத்திகை முடிந்த மறுநாள் குரல் கம்மினால் அந்தப் பிள்ளைக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், ஆட்டத்தில் மட்டும் நிற்கட்டும். மார்கழிக் குளிரில் பிரார்த்தனைக் கூட்டம் முடிந்த கையோடு பாடவிடாமல், குரல் சூடேறிய பின் முன்பகலில் ஒத்திகை வையுங்கள். குடிக்க இளஞ்சூட்டு வெந்நீர் போதும்.

அசல் தடத்தை ஓடவிட்டு வாயசைப்பதைவிட, மெட்டை வைத்துக்கொண்டு வரிகளைத் தமிழில் பிள்ளைகளே எழுதட்டும். ஆளுக்கொரு வரியில் தனக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். சைக்கிள் வேண்டும், லயத்தை விட்டுத் தனி வீடு வேண்டும், அம்மா கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று அவர்கள் எழுதித் தருவதை அண்ணனுக்கும் காட்டுங்கள். அவர் கேட்ட சம்பளமும் காணியும் அதில் தானாகவே வந்திருக்கும். தாளத்துக்குத் தப்பு வையுங்கள். தப்பைச் சாவு வீட்டோடும் ஒரு சாதியோடும் சேர்த்து ஒதுக்குகிற வழக்கம் சில பாடசாலைகளில் இன்னமும் இருக்கிறது. அதற்கு நீங்கள் இடங்கொடுக்கக் கூடாது. பெண்பிள்ளைகள் கையிலும் கொடுங்கள். பேய்கள் வரும் இடத்தில் சாக்கும் கரியும் அட்டையும் கொண்டு முகமூடி செய்யலாம், பெற்றோரை மினுக்குத் துணி வாங்கச் செலவழிக்க வைக்கவேண்டாம். சிறு பிள்ளைகள் பயந்து அழாமல் இருக்க, முகமூடிகளை முதல் நாளே வகுப்புக்குக் கொண்டுபோய்த் தொட்டுப்பார்க்க விடுங்கள்.

வீடியோவை இணையத்தில் போட யோசித்தால், அசல் இசைத்தடம் ஒலிக்கும் பதிவுகளைத் தளங்கள் தாமாகவே கண்டுபிடித்து ஒலியை நிறுத்திவிடக்கூடும். பிள்ளைகளே பாடி, நீங்களே வாசித்தாலும் மெட்டுக்கு உரிமையாளர் வேறு என்பதால் அந்தச் சிக்கல் முழுதாகத் தீராது. பெற்றோருக்குக் காட்டப் பதிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். பொதுவில் போடுவதானால் முகம் தெரியும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.